நியாயமான காலத்துக்குள்

ஆறு நிமிடம் என்பது அவள் தொழிலில்
மிகச் சிறிய சில்லறை.
ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு சில்லறை.
"பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற ஒற்றை வரி மின்னஞ்சலும்
ஒரு சில்லறை.
இருபத்தாறு வருடத்தை இப்படி மாற்றி மாற்றியே
செலவழித்திருக்கிறாள் ஐலி கொஸ்கெலா,
டுலூத் நகரில், ஏரியைப் பார்த்த ஏழாவது மாடியில்.

யாரும் சாகாத வழக்குகள் அவளுடையவை.
சரக்கு உண்டு, வராத சரக்கு உண்டு,
கூட்டாளிகள் உண்டு,
முன்னாள் கூட்டாளிகள் மிக அதிகம்.
பள்ளிக்கூடத்தில் தன் வேலையைப் பற்றிப் பேசப் போனபோது
ஒரு பையன் கேட்டான்: கொலைகாரனைப் பார்த்திருக்கிறீர்களா?
இல்லை. ஒரு காற்புள்ளியைப் பார்த்திருக்கிறேன்,
இரண்டு கம்பெனிகளை மூடியது.
யாரும் சிரிக்கவில்லை.

இந்த வழக்கில் காற்புள்ளி இல்லை.
"நியாயமான காலத்துக்குள்" பட்டை வந்து சேர வேண்டும்
என்றது ஒப்பந்தம்.
இரும்புத்தாதுவைக் கப்பலில் கொட்டும் கன்வேயர் பட்டை,
ஆயிரம் அடி ரப்பர்.
அது வந்தது திங்கட்கிழமை.
பருவத்தின் கடைசிக் கப்பல்
ஞாயிறன்றே வெறும் வயிற்றோடு போய்விட்டது,
பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு.
ஐலி, கப்பல்துறையின் வக்கீல்.

நாற்பதாயிரம் மின்னஞ்சல்களை வாசித்தாள்.
எதிர்த்தரப்புக் கணக்காளருக்கு முதுகுவலி.
விற்பனை மேலாளர் இரவு இரண்டு மணிக்கு எழுதுவதெல்லாம்
தன் மனைவியின் வக்கீலுக்கு.
யாரோ யாருக்கோ அனுப்பிய ஆப்பிள் பை செய்முறைக்கு
ஆவண எண் 11,208.
அதை வீட்டில் ஒருமுறை செய்தும் பார்த்தாள்.
இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

பிறகு, பட்டையை ஏற்றிவந்த லாரி ஓட்டுநர்,
ஆர்வில் டெஷ்னர்.
எத்தனை மணிக்கு வந்தீர்கள்?
நினைவில்லை.
திங்களுக்கு முன்பு ஒருமுறை வந்ததாகச் சொன்னது எந்த நாள்?
நினைவில்லை.
புதனா? வியாழனா? வந்தீர்களா, வரவே இல்லையா?
தட்டச்சுக்காரியின் விரல்கள் மட்டும்
மழைபோல் கேட்டுக்கொண்டிருந்தன.
நாற்பத்தொரு நினைவில்லைகள்.
அன்று மாலை ஐலி நன்றாகச் சாப்பிட்டாள்.

மூன்று வாய்தா.
நான்காவதற்கு முன், நீதிமன்றத் தாழ்வாரத்தில்,
காசை விழுங்கிவிட்டுச் சாக்லேட் தராத இயந்திரத்தின் அருகே,
எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார்.
சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச்
சண்டைக்காரன் காலில் விழலாம் என்பது
அந்தக் குளிரூருக்கும் தெரிந்திருக்கிறது.
தொகை?
சொல்லக் கூடாது. ஒன்பதாவது பிரிவு.

இரண்டு வருடம் கழித்து ஒரு மார்ச் மாதம்
இரும்புக்கடையில் மாற்றுச்சாவி வெட்டப் போனாள்.
இயந்திரத்தின் பின்னால் ஆர்வில்.
லாரி இல்லை இப்போது. அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
சாவியைப் பிடியில் பொருத்தியபடியே பேசினான்:

"ஜனவரியில் ஒருத்தர் உறைந்த பூட்டோடு வந்தார்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
வியாழன் ராத்திரி வந்தேன்.
உங்கள் ஆட்களின் கேட்டில் பூட்டு உறைந்து கிடந்தது.
லைட்டரால் சூடுகாட்டிப் பார்த்தேன்,
கட்டைவிரல்தான் வெந்தது.
ஹாரன் அடித்தேன். திரும்பிப் போய்விட்டேன்.
நீங்கள் மணி கேட்டீர்கள், நாள் கேட்டீர்கள்.
பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை."

இயந்திரம் கத்தியது.
பித்தளைத் தூள் அவன் சட்டைக்கையில் மினுங்கியது.
ஐலியின் தலைக்குள் பிரிவுகள் தாமாகவே எழுந்து நின்றன:
முழு விடுவிப்பு.
தெரிந்ததும் தெரியாததுமான சகல கோரிக்கைகளும்.
இனி எக்காலத்திலும்.
அந்த வரிகளை எழுதியவளே அவள்தான்.
நல்ல வரிகள். ஓட்டை இல்லாதவை.

அவன் சாவியை ஊதி, துணியில் துடைத்துக் கொடுத்தான்.
"இரண்டு டாலர் எழுபத்தைந்து.
பொருந்தவில்லையென்றால் கொண்டுவாருங்கள்,
மறுபடி வெட்டித் தருகிறேன்."

வண்டியில் உட்கார்ந்து, பழக்கத்தில்,
கைபேசியில் நேரக்குறிப்பைத் திறந்தாள்.
உரையாடல், சாட்சியுடன். ஆறு நிமிடம்.
கட்சிக்காரர் பெயர் என்ற கட்டத்தில்
கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது.
ஏழாவது நிமிடம் தொடங்கிவிட்டால்
அது அடுத்த சில்லறை.
தொடங்கியது.